ஓப்ரி மேடையில் குடும்பங்கள்: நாஷ்வில்லில் பார்த்ததும் கற்றதும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் குடியிருந்தால் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று தானாக வந்து சேரும். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களை எல்லாம் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சிக்கு அழைத்துப்போக வேண்டும். நாங்கள் இந்த ஊருக்கு வந்தது வீட்டுக்காரரின் மென்பொருள் வேலைக்காக. அதுவரை கன்ட்ரி இசை, அதாவது அமெரிக்கக் கிராமப்புறத்துப் பாட்டு, என்றால் எனக்குத் தொப்பி, கிட்டார், காதல் தோல்வி, அவ்வளவுதான். விருந்தாளிகளோடு போய்ப் போய்ப் பழகி, அப்புறம் விருந்தாளி இல்லாத வாரங்களிலும் போக ஆரம்பித்தேன்.

என்னை இழுத்தவை குடும்பக் குழுக்கள். அப்பாவும் இரண்டு மகள்களும், அம்மாவும் மூன்று பிள்ளைகளும், அண்ணன் தம்பிகள் என்று மேடையேறுகிறவர்கள். எங்கள் வீட்டிலும் பாட்டு உண்டு. மகள் வயலின் படிக்கிறாள், வீட்டுக்காரர் ஹார்மோனியம் வாசிப்பார், பெல்வியூவில் இருக்கும் கணேசர் கோயிலில் மூவருமாக பஜனை பாடுவோம். ஒரே வீட்டு ஆட்கள் சேர்ந்து பாடுவதில் எத்தனை முகச்சுளிப்பு, எத்தனை 'நீதான் முந்திட்டே' இருக்கிறது என்று அனுபவத்தில் தெரியும். இந்தக் குடும்பங்கள் மட்டும் எப்படி முப்பது, நாற்பது வருடம் தாக்குப்பிடிக்கின்றன? அந்தக் கேள்வியால்தான் ஓப்ரியில் ஒரு குடும்பம் உறுப்பினராகச் சேர்வது என்றால் என்ன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓப்ரி ஒரு வானொலி நிகழ்ச்சி. சுமார் 4,400 பேர் உட்காரும் அரங்கத்தையும் விளக்குகளையும் கேமராக்களையும் பார்த்துவிட்டு, சாதாரணக் கச்சேரி என்றுதான் வருகிறவர்கள் நினைக்கிறார்கள். மேடையின் ஓரத்தில் நின்று ஒருவர் தாளைப் பார்த்து விளம்பரம் வாசிக்கும்போதுதான் விழிக்கிறார்கள். 1925 நவம்பர் 28 அன்று, ஒரு காப்பீட்டு நிறுவனம் நடத்திய டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தில், அங்கிள் ஜிம்மி தாம்ப்சன் என்ற 77 வயதுக்காரர் பிடில் வாசித்ததில் தொடங்கிய நிகழ்ச்சி இது. 2025 நவம்பரில் நூறு வருடம் நிறைந்தது. நிலையத்தின் வைர வடிவக் கோபுரம் 1932ல் பிரென்ட்வுட்டில் எழுப்பப்பட்டது. ஐ-65 நெடுஞ்சாலையில் போகும்போது இன்றும் கண்ணில் படும். அந்த வருடம்தான் ஒலிபரப்பு 50,000 வாட் ஆனது. இரவு நேரத்தில் அந்த அலை பல மாநிலங்களைத் தாண்டிப் போகும். ஓப்ரியின் பலம் முழுவதும் அதில்தான் இருந்தது.

அரங்கம் பல முறை மாறியிருக்கிறது. 1943 முதல் 1974 வரை நகரின் நடுவில் உள்ள ரைமன் ஆடிட்டோரியம், அதன்பின் ஓப்ரி மில்ஸ் கடைத்தொகுதியை ஒட்டிய இப்போதைய ஓப்ரி ஹவுஸ். ரைமன் மேடையிலிருந்து ஆறடி அகல வட்டமாக ஓக் மரப் பலகைகளை வெட்டியெடுத்துப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். பாடுகிறவர் அதன்மேல் நிற்பார். 2010 மே மாத வெள்ளத்தில் இந்த மேடையே மூழ்கியது. வட்டம் தப்பித்தது. நிகழ்ச்சியும் நிற்கவில்லை, நகரின் வேறு அரங்குகளில் நடத்தினார்கள். 2020ல் கொரோனா முடக்கத்தின்போது காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடி ஒலிபரப்பினார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். உறுப்பினராக விண்ணப்பம் போட முடியாது. எத்தனை இசைத்தட்டு விற்றது என்ற கணக்கு மட்டும் போதாது. நிர்வாகம் அழைக்க வேண்டும். ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவர் மேடையில் வைத்து, பாட்டுக்கு நடுவே, 'சேர்கிறீர்களா?' என்று திடீரென்று கேட்பது இப்போதைய வழக்கம். பாடிக்கொண்டிருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். சில வாரம் கழித்து முறைப்படி சேர்க்கும் நாள் வரும். யூடியூபில் இந்தக் காட்சிகளைத்தான் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள்.

அதற்கப்புறம் நடப்பதை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. உறுப்பினர் என்றால் வந்து பாட வேண்டும். நம் ஊர்க் கோயில்களில் மேளத்துக்கு முறை வைத்திருப்பதைப் போல ஒரு கடமை இது. வித்தியாசம், இங்கே அந்த முறை பரம்பரையாக வராது. அப்பா உறுப்பினராக இருந்ததால் பிள்ளைக்குக் கிடைத்துவிடாது, அவரைத் தனியாக அழைத்தால்தான் உண்டு. 1960களில் வருடத்துக்கு 26 நிகழ்ச்சிகளில் பாட வேண்டும் என்று விதி இருந்தது. 1964 டிசம்பரில் வருகை போதவில்லை என்று ஒரே வீச்சில் பன்னிரண்டு பேரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இப்போது அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது.

26 என்றால் வருடத்தில் பாதிச் சனிக்கிழமைகள். வெளியூர்க் கச்சேரியில் நல்ல காசு கிடைப்பதும் அதே சனிக்கிழமை இரவில்தான். ஓப்ரி கொடுத்ததோ தொழிற்சங்கம் வகுத்த குறைந்தபட்சக் கூலி. பிறகு ஏன் சேர்ந்தார்கள்? அந்த 50,000 வாட்டுக்காக. சனிக்கிழமை இரவு பாடினால் பல மாநிலங்களில் குரல் தெரியும். சுவரொட்டியில் 'கிராண்ட் ஓல் ஓப்ரி புகழ்' என்று ஒரு வரி சேரும், வாரத்தின் மற்ற நாள் கச்சேரிகள் அதை வைத்து நிறையும். ஞாயிறு காலை திரும்பவும் காரில் ஏற வேண்டும். ஐந்து பேர், ஒரு பெரிய பாஸ் வயலின், துணிமூட்டை, எல்லாம் ஒரே காரில். இதை நினைத்துப் பார்த்த பிறகுதான் குடும்பங்கள் ஏன் இந்தத் தொழிலில் அதிகம் என்று எனக்குப் புரிந்தது. வெளியாளாக இருந்தால் மூன்றாம் மாதம் ஓடிவிடுவான்.

இந்த மேடைக்கு வந்த குடும்பங்களில் நான் மிகவும் விரும்பிப் படித்தது மேபெல் கார்ட்டரின் கதை. வர்ஜீனியாவின் மலையடிவாரத்துக் குடும்பம். 1927 ஆகஸ்ட் மாதம் பிரிஸ்டல் என்ற ஊரில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ப் பீர் பாட்டுகள் பதிவு செய்தபோது மூன்று பேர் போய்ப் பாடினார்கள்: ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, ஏ.பி.யின் தம்பி மனைவி மேபெல். சாராவும் மேபெல்லும் உறவு முறையில் சகோதரிகளும்கூட. மேபெல்லுக்கு அப்போது 18 வயது, கர்ப்பிணி. மூத்த மகள் ஹெலன் அடுத்த மாதம் பிறந்தாள். கட்டைவிரலால் கிட்டாரின் தடித்த கம்பிகளில் மெட்டை வாசித்துக்கொண்டே மற்ற விரலால் தாளத்தைத் தட்டும் மேபெல்லின் வாசிப்பு, பின்னால் வந்த கிட்டார்காரர்கள் எல்லாருக்கும் பாடமானது.

ஏ.பி.யும் சாராவும் 1930களில் பிரிந்துவிட்டார்கள், பிறகு விவாகரத்தும் ஆனது. அதற்கப்புறமும் ஒன்றாகவே பாடினார்கள். 1938ல் டெக்சஸ் எல்லைக்கு அந்தப்பக்கம் மெக்சிகோவில் இருந்த ராட்சத சக்தி வானொலி நிலையத்துக்குப் போனார்கள், பிள்ளைகளும் அங்கேதான் மைக் முன் பழகினார்கள். 1940களின் முற்பாதியில் மூவர் குழு முடிந்தது. சாரா ஒதுங்கிக்கொண்டார். மேபெல் ஒதுங்கவில்லை. தன் மூன்று மகள்களைக் கூட்டிக்கொண்டு 'மதர் மேபெல் அண்ட் தி கார்ட்டர் சிஸ்டர்ஸ்' என்று ரிச்மண்ட், நாக்ஸ்வில், மிசௌரியில் ஸ்பிரிங்ஃபீல்ட் என வானொலி நிலையம் நிலையமாக ஏறி இறங்கினார்.

அந்தக் குழுவை எப்படிப் பங்கு பிரித்திருந்தார்கள் என்று பாருங்கள். ஹெலன் அக்கார்டியன். கடைசி மகள் அனிட்டாவுக்கு அசாத்தியக் குரல், பாஸ் வயலினும் அவளே. நடு மகள் ஜூனுக்குக் குரல் மற்ற இருவர் அளவுக்கு இல்லை. அவள் ஆட்டோஹார்ப் என்ற தந்தி வாத்தியம் வாசித்தாள், வாயைத் திறந்தால் சபை சிரித்தது, ஆகவே நகைச்சுவை அவள் பொறுப்பு. அம்மா கிட்டார். ஒரு காரிலிருந்து இறங்கும் நாலு பேர் முழு நிகழ்ச்சியையும் நடத்திவிடலாம். எல்லாரும் ஒரே மாதிரி நன்றாகப் பாடும் குடும்பமாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நாக்ஸ்வில்லில் இவர்களோடு ஒரு கிட்டார்காரர் சேர்ந்தார். செட் அட்கின்ஸ். டென்னசி கிராமத்துப் பையன், கூச்ச சுபாவம், பல நிலையங்களில் வேலை போனவர். மேபெல்லின் கணவர் எஸ்ரா அவரைக் கூலிக்கு வைக்காமல் வருமானத்தில் பங்கு கொடுத்துச் சேர்த்துக்கொண்டார். ஓப்ரியிலிருந்து அழைப்பு வந்தபோது ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது: அம்மாவும் மகள்களும் வரலாம், செட் வேண்டாம். நாஷ்வில்லில் இருந்த வாத்தியக்காரர்களுக்குப் பயம், இவர் வந்தால் ஒலிப்பதிவு வேலையெல்லாம் இவருக்கே போய்விடும் என்று. கார்ட்டர் குடும்பம் முடியாது என்றுவிட்டது. அந்தக் காலத்தில் கன்ட்ரி பாடகர்களுக்கு ஓப்ரிதான் உச்சி. அதை மறுக்க வயிற்றில் தைரியம் வேண்டும். இழுபறிக்குப் பிறகு ஓப்ரி இறங்கிவந்தது. 1950ல் ஐந்து பேருமாகச் சேர்ந்தார்கள்.

வாத்தியக்காரர்கள் பயந்தது வீண்போகவில்லை. சில வருடங்களில் ஒலிப்பதிவு வேலைகள் செட்டைத் தேடி வந்தன, அப்புறம் ஆர்.சி.ஏ. இசைத்தட்டுக் கம்பெனியின் நாஷ்வில் கிளையையே அவர் நடத்தினார். கார்ட்டர் குடும்பத்துக்கு அப்படி ஒரேயடியாக ஏற்றம் வரவில்லை. காசு குறைந்த காலத்தில் மேபெல் இரவுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலைக்குப் போயிருக்கிறார். ஓப்ரி உறுப்பினர் என்ற பட்டம் அரிசி வாங்கித் தராது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்து 'தி ஒயிட்ஸ்'. பக் ஒயிட் குழாய் வேலை பார்த்தவர். டெக்சஸ், ஆர்கன்சா பக்கம் பகலில் பிளம்பர், மற்ற நேரம் மாண்டலினும் பியானோவும். 1971ல் மனைவி பாட், பிள்ளைகளோடு நாஷ்வில்லுக்கு வந்தார். மனைவியும் முதலில் சேர்ந்து பாடினார், பிறகு நிறுத்திக்கொண்டார். மகள்கள் ஷாரன் கிட்டார், செரில் பாஸ். முதலில் குழுவின் பெயர் 'பக் ஒயிட் அண்ட் தி டவுன் ஹோம் ஃபோக்ஸ்'. அப்பா பெயர் முன்னால், மற்றவர்கள் பின்னால். பிறகு அது 'தி ஒயிட்ஸ்' ஆகி, மூவரும் சமமாக நின்றார்கள். எந்த வீட்டில் அப்பா இப்படி வளர்ந்த மகள்களுக்காகப் பெயர்ப்பலகையை மாற்றுவார்? 1984 மார்ச் மாதம் ஓப்ரியில் உறுப்பினரானார்கள். ஊருக்கு வந்து பதின்மூன்று வருடம் கழித்து.

ஷாரனின் கணவர் ரிக்கி ஸ்காக்ஸ் 1982லேயே உறுப்பினர், பெரிய நட்சத்திரம். மருமகனும் மாமனாரும் ஒரே பட்டியலில், தனித்தனியாக. நான் அவர்கள் பாடிக் கேட்டதில் மனதில் நிற்பது அக்கா தங்கையின் குரல்கள். எது மேலே, எது கீழே என்று கொஞ்ச நேரம் கேட்டால்தான் பிரியும். இங்கே உள்ளவர்கள் 'பிளட் ஹார்மனி' என்பார்கள்: ஒரே வீட்டில் வளர்ந்ததால் சொல்லை உச்சரிப்பது, மூச்சு விடுவது, ஒரு எழுத்தை எவ்வளவு இழுப்பது எல்லாம் ஒன்றாகவே இருக்கும் என்று. ரத்தம் மட்டுமே போதும் என்பதை நான் அவ்வளவாக நம்பமாட்டேன். நம் ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர்களா என்ன? ஒருவரின் அப்பாவிடம் இருவரும் சேர்ந்து படித்தவர்கள். வருடக்கணக்கில் சேர்ந்து பாடினால் மூச்சு ஒத்துப்போகும்.

பக் ஒயிட் 2025 ஜனவரியில் 94 வயதில் காலமானார்.

சமீபத்தில் சேர்ந்தவர்கள் தி ஐசக்ஸ். அம்மா லில்லி, மகன் பென், மகள்கள் சோன்யா, பெக்கி. பென் பாஸ், சோன்யா மாண்டலின், பெக்கி கிட்டார். 2021ல் மேடையில் வைத்து அவர்களை அழைத்தவர் மேலே சொன்ன ரிக்கி ஸ்காக்ஸ்தான். செப்டம்பர் 14 அன்று முறைப்படி சேர்ந்தார்கள். கன்ட்ரி குடும்பம் என்றால் மரவீடு, மலையடிவாரம் என்று நினைப்போம் இல்லையா? லில்லியின் பெற்றோர் போலந்து யூதர்கள், நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள். லில்லி 1947ல் ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தார், 1960களின் கடைசியில் கொலம்பியா கம்பெனிக்கு ஒரு தோழியோடு சேர்ந்து ஃபோக் இசைத்தட்டும் கொடுத்தார். கென்டக்கிக்காரரான பாஞ்சோ வாத்தியக்காரர் ஜோ ஐசக்ஸைத் திருமணம் செய்துகொண்டார், கிறிஸ்தவரானார், பிள்ளைகளோடு தேவாலயம் தேவாலயமாகப் பாடப் போனார்கள். 1998ல் ஜோவும் லில்லியும் விவாகரத்து பெற்றார்கள். அம்மாவும் பிள்ளைகளும் குழுவைத் தொடர்ந்தார்கள்.

இவர்கள் ஓப்ரியில் வெகுகாலம் விருந்தினர்களாகவே பாடிவந்தவர்கள். உறுப்பினர் அழைப்பு வரும்போது பிள்ளைகளுக்கே நடுவயது. அந்த வட்டத்தில் நின்று வாத்தியங்களை நிறுத்திவிட்டு வெறும் குரலில் பாட ஆரம்பித்தார்கள் என்றால், அரங்கத்தில் பாப்கார்ன் கொறிக்கிறவர்கள்கூடக் கையை நிறுத்துவார்கள்.

எல்லாக் குடும்பமும் நிலைத்ததாக நினைக்க வேண்டாம். லூவின் சகோதரர்கள் 1955ல் சேர்ந்தார்கள். அவர்கள் குரல்கள் பொருந்தியதைப் போல வேறு யாருக்கும் பொருந்தவில்லை என்பார்கள். அண்ணன் ஐராவின் குடியும் கோபமும் தாங்காமல் 1963ல் பிரிந்தார்கள். 1965ல் சாலை விபத்தில் ஐரா இறந்தார். தம்பி சார்லி 2011ல் இறக்கும்வரை தனியாக ஓப்ரியில் பாடிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் பார்த்தும் படித்தும் எங்கள் வீட்டு பஜனையில் சிலவற்றை மாற்றினோம். சேர்ந்து பாடும் குடும்பங்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன்.

ஒன்று, நேரம். ஓப்ரியில் ஒரு குழுவுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பாட்டு. நேரலை வானொலி யாருக்காகவும் காத்திருக்காது. பெரிய பெரிய ஆட்கள்கூட பத்து நிமிடத்துக்குள் வணங்கிவிட்டு இறங்குகிறார்கள். நாங்கள் கோயிலில் நேரம் கேட்டுக் கேட்டு நீட்டிப் பாடுவதை விட்டோம். இரண்டு பாட்டு. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது, ஒன்று எங்களுடையது. வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது தொடங்கும் இடத்தையும் முடிக்கும் இடத்தையும் மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்போம். நடுவில் தடுமாறினால் சபைக்குத் தெரியாது. மூன்று பேர் மூன்று இடத்தில் முடித்தால் குழந்தைகூடச் சிரிக்கும்.

மைக் விஷயத்தை டெல் மெக்கௌரி என்ற பாடகரின் குழுவைப் பார்த்துக் கற்றோம். 2003ல் உறுப்பினரானவர், மகன்கள் ரானியும் ராபும் மாண்டலின், பாஞ்சோ வாசிக்கிறார்கள். ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடுவது அவர்கள் பாணி. தனியாக வாசிக்க வேண்டியவர் மைக் அருகே வருவார், மற்றவர் விலகி வழிவிடுவார். யாருடைய சத்தம் எவ்வளவு என்பதை மிக்ஸர் முன்னால் இருப்பவர் முடிவு செய்வதில்லை, பாடுகிறவர்களே நகர்ந்து சரிசெய்கிறார்கள். கோயிலில் ஆளுக்கொரு மைக் கேட்டுச் சண்டை போட்ட காலம் போய், இப்போது ஒன்றே கேட்கிறோம். என் குரல் பெரிய குரல், அதனால் அரை அடி பின்னால் நிற்பேன். மகளுக்கும் வீட்டுக்காரருக்கும் என் முகம் தெரிவதால் எப்போது மூச்சு எடுக்கிறேன் என்று பார்த்தே தொடர்கிறார்கள். முகம் பார்த்துப் பாட முடிந்தால் கைத்தாளம்கூடத் தேவைப்படுவதில்லை.

மகளுக்குப் பாடப் பிடிக்கவில்லை என்ற பிரச்சினை ஒன்று இருந்தது. பதின்மூன்று வயதில் எந்தப் பெண்ணுக்குத்தான் அம்மா பக்கத்தில் நின்று பாடப் பிடிக்கும்? ஜூன் கார்ட்டரை நினைத்துக்கொண்டேன். இப்போது அவள் வயலின் மட்டும் வாசிக்கிறாள். அடுத்த பாட்டு என்ன, யார் எழுதியது என்று சபைக்குச் சொல்வதும் அவள்தான். என்னைவிடக் கச்சிதமாகச் சொல்கிறாள், கொஞ்சம் கேலியும் கலந்து.

செட் அட்கின்ஸ் கதையும் ஒருமுறை உதவியது. எங்களோடு மிருதங்கம் வாசிக்கும் நண்பரை விட்டுவிட்டு 'ஃபேமிலி மட்டும்' வந்தால் போதும், மேடையில் இடமில்லை என்று ஒரு விழாக்காரர்கள் சொன்னார்கள். அவரும் வருவார், இல்லையென்றால் நாங்களும் இல்லை என்றோம். ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு எங்கள் பாட்டை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். சரி, ஒரு பாட்டு நன்றாகவே போனது. குழுவில் பாதிப் பேர் உறவு, ஒருவர் வெளியாள் என்றால், பணமோ பெயரோ எதுவாக இருந்தாலும் அவர் பங்கை முதலில் பேசி முடித்துவிடுவது நல்லது. உறவுக்காரர்கள் மனத்தாங்கலை அடுத்த தீபாவளி வரை தாங்குவார்கள், வெளியாள் தாங்கவேண்டிய அவசியம் இல்லை.

இனி, நேரில் பார்க்க வருகிறவர்களுக்கு. டிக்கெட் விற்க ஆரம்பிக்கும்போது அன்று யார் பாடுகிறார்கள் என்ற பட்டியல் பெரும்பாலும் பாதிதான் இருக்கும். பெயர்கள் ஒவ்வொன்றாகப் பிறகுதான் சேரும். ஒரு குறிப்பிட்ட குழுவைத்தான் பார்க்க வேண்டும் என்றால் பட்டியலில் பெயர் வந்த பிறகு வாங்குங்கள். யாராக இருந்தாலும் சரி என்பவர்கள் முன்னதாகவே வாங்கலாம். அப்படிப் போவதுதான் எனக்குப் பிடிக்கும். ஒரே இரவில் எண்பது வயதுக்காரர், நேற்று முதல் பாட்டு வெளிவந்த பையன், நகைச்சுவைக்காரர், குடும்பக் குழு எல்லாம் வரும். பிடிக்காத பாட்டும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். வயதானவர்களை அழைத்துவந்தால் இது பெரிய வசதி. சனிக்கிழமை தவிர மற்ற சில நாட்களிலும் நடக்கிறது. குளிர்காலத்தில் சில வாரம் பழைய ரைமனுக்கு மாறும், அங்கே மரப் பெஞ்சு, முதுகு வலிக்கும், ஆனால் ஒலி அருமை. மாடியின் பின்வரிசை போதும், பக்கவாட்டு இருக்கை வேண்டாம்.

மேடையிலேயே பின்பக்கம் பெஞ்சுகளில் கொஞ்சம் பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து 'அவர்கள் யார்?' என்று எல்லாரும் கேட்பார்கள். பாடுகிறவர்களின் வீட்டு ஆட்கள், விருந்தினர்கள்.

பகலில் உள்ளே சுற்றிக்காட்டும் டூர் உண்டு, நிகழ்ச்சி முடிந்தபின் நடப்பதும் உண்டு. நேரம் இருந்தால் விடாதீர்கள். உறுப்பினர்களுக்கு என்று வரிசையாகத் தபால் பெட்டிகள் இருக்கின்றன, ரசிகர்கள் எழுதும் கடிதங்கள் அதில் விழும். சேர்ந்த வருட வாரியாகப் பெயர்கள் பதித்த சுவரும் உண்டு, குடும்பக் குழுக்களைத் தேடிப் படிக்க எனக்கு அதுதான் முதல் புத்தகம். அந்த மர வட்டத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொள்ளவும் விடுகிறார்கள்.

நாஷ்வில் வரை வர முடியாதவர்கள் கேட்கலாம், காசு இல்லை. டபிள்யூ.எஸ்.எம். நிலையம் இணையத்தில் நேரலையாக வருகிறது. இங்கே சனிக்கிழமை இரவு ஏழு மணி என்றால் தமிழ்நாட்டில் ஞாயிறு காலை 5.30. நவம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பதால் அங்கே 6.30 ஆகும். முதல்முறை கேட்பவர்கள் விளம்பரம் வரும்போது ஒலியைக் குறைத்துவிடாதீர்கள். மார்த்தா வைட் என்ற மாவுக் கம்பெனி 1948 முதல் இந்த நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர், அந்த மாவின் விளம்பரப் பாட்டுக்கே தனி ரசிகர்கள் உண்டு. குடும்பக் குழுக்களைக் கேட்க வேண்டும் என்றால் அந்த வாரப் பட்டியலில் தி ஐசக்ஸ், டெல் மெக்கௌரி பேண்ட் ஆகிய பெயர்களைத் தேடுங்கள். ரிக்கி ஸ்காக்ஸ் பெயர் இருந்தால் பக்கத்திலேயே 'தி ஒயிட்ஸ்' இருக்கிறதா என்றும் பாருங்கள்.